பழைய பெட்டிக்குப் புத்துயிர்

1885 ஆம் ஆண்டில் புகையிரதம் வந்தடைந்த நானுஓயாவில், மாலையானதும் மூடுபனி இறங்கிவிடும். மலையிலிருந்து திரும்பியவர்கள் தேநீர்க் கோப்பையுடன் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்த காலம் ஒன்றுண்டு. 1950 ஆம் ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, கடல் கடந்து தமிழகத்து இல்லங்களிலும் ஒலித்தது. அப்பொற்காலத்தின் நினைவாக எமது வீட்டில் எஞ்சியிருப்பது, 1970களில் செய்யப்பட்ட ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று. அலைவரிசைக் கண்ணாடியில் தந்தையார் தமக்குப் பிடித்த நிலையத்தருகே இட்ட சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை.

சென்ற ஆண்டு அப்பெட்டி பாட மறுத்து, “ஊம்” என்று இரையத் தொடங்கியது. “இனி இது உதவாது” என்றார் பழுது பார்ப்பவர் ஒருவர். தூக்கி எறிய எமக்கு மனம் வரவில்லை.

அவ்விரைச்சலின் காரணம் யாது? வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. பெட்டியினுள் அதை ஒருதிசைப்படுத்தும்போது விநாடிக்கு 100 துடிப்புகள் எழும். அவற்றைச் சமன் செய்வதே பழுது பார்ப்போர் ‘கண்டென்சர்’ என்றும், பாடநூல்கள் ‘கொள்ளளவி’ என்றும் கூறும் உறுப்பின் பணி. குழாய் நீர் விட்டுவிட்டு வந்தாலும், லயத்துத் தண்ணீர்த் தொட்டி ஒரே சீராக நீர் தருகிறதன்றோ? அதுபோலவே இதுவும்.

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கிடையே திரவத்தில் ஊறிய காகிதம் சுருட்டப்பட்டிருக்கும். காலப்போக்கில் திரவம் உலரும், கொள்ளளவு குறையும், இரைச்சல் எழும். வெப்பம் 10 பாகை குறைந்தால் இதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பர். ஆகவே எமது மலைக் குளிர் அதற்கு நன்மையே செய்தது. ஈரப்பதமோ ஆளிகளில் பச்சைக் களிம்பை ஏற்றியிருந்தது.

மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. மின்தொடுப்பை நீக்கிய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். 10,000 மைக்ரோபரட் உறுப்பில் 40 வோல்ட் இருப்பின், அதில் 8 யூல் சக்தி பதுங்கியிருக்கும். பழைய வால்வு வானொலிகளிலோ நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு. அது உயிரையும் குடிக்கும். தக்க தடையொன்றின் வழியே மின்னை இறக்கி, மானியால் அளந்து பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். அனுபவமுள்ள பெரியவர் அருகில் இன்றிப் பெட்டியைத் திறத்தல் கூடாது.

நாம் முதலில் உட்புறத்தைப் படம் பிடித்துக்கொண்டோம். ஒன்றைக் கழற்றி, அதனிடத்தில் புதியதை ஈயத்தால் பற்றவைத்த பின்னரே அடுத்ததைத் தொட்டோம். கொள்ளளவு ஒத்திருத்தல் வேண்டும். வோல்ட் அளவு பழையதிலும் குறைதல் ஆகாது. நேர், மறை முனைகள் மாறுதல் ஆகாது.

இத்தனை அறிந்திருந்தும் நாம் தவறினோம்! நல்லவேளையாக, பெட்டியை நேரே மின்சாரத்தில் இணைக்காமல், இடையே 60 வாட் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக அமைத்திருந்தோம். குறை இல்லையேல், குமிழ் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கும். எமது குமிழோ மங்கவில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்திப் படத்துடன் ஒப்பிட்டோம். பெரிய கொள்ளளவி ஒன்று முனை மாறி நின்றது! குமிழ் இல்லாதிருந்தால் அது வெடித்திருக்கலாம். அதனை அகற்றிப் புதியதொன்றைப் பொருத்தினோம்.

மறுமுறை குமிழ் ஒளிர்ந்து மங்கியது. முள்ளைச் சிவப்புக் கோட்டிற்கு நகர்த்தினோம். இரைச்சலின்றித் தமிழ் ஒலித்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அன்னையார் எதுவும் பேசாமல் அருகில் அமர்ந்தார்.

பழையதெல்லாம் பயனற்றதன்று. பொறுமையோடும் அச்சத்தோடும் தொடுபவருக்கு அது மீண்டும் பாடும்.