தமிழ் மனத்தில் அமையும் ஆங்கில இலக்கணம்

கொங்கு நாடு இலக்கணத்திற்குப் பெயர்பெற்ற நாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்தையும் சொல்லையும் 462 நூற்பாக்களில் வரையறுத்து, இன்றளவும் தமிழ் மாணவர்க்கு இலக்கண வாயிலாக விளங்குகிறது. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அம்முனிவரின் ஊர் என்பது இவ்வட்டாரத்தார் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. அதே நாட்டில், அமராவதிக் கரையில் அமைந்த தாராபுரத்திலும் அதனைச் சூழ்ந்த மூலனூர், குண்டடம் முதலிய ஊர்களிலும் பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர் பலர்க்கு அடிப்படை ஆங்கில இலக்கணம் பெருந்தடையாக நிற்கிறது. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றில் அமர்ந்து அயல்நாட்டு வணிகர்க்கு மடல் வரையும்போதும், கோவைக் கல்லூரியில் முதலாண்டுப் பாடத்தைக் கேட்கும்போதும் அத்தடை எதிர்ப்படுகிறது. இதனைத் தம் அறிவின் குறையென்று எண்ணி அவர்கள் நாணுகின்றனர். மொழியறிவியல் அந்த நாணத்திற்கு இடமில்லை என்று காட்டுகிறது.

பிழை ஒரு சான்று

ஐந்து அகவைக்குள் ஒரு குழந்தை தன் தாய்மொழியின் இலக்கண அமைப்பில் பெரும்பகுதியைக் கைக்கொண்டுவிடுகிறது. “மாமா வந்தாருங்க”, “பாப்பா தூங்குதுங்க” என்று பேசும் கொங்குச் சிறுமி, திணை, பால், எண், இடம் ஆகியவற்றோடு மரியாதையையும் பிறழாமல் பொருத்துகிறாள். எவரும் அவளுக்கு விதியைச் சொல்லித் தரவில்லை. பின்னர்ப் பள்ளியில் ஆங்கிலம் வரும்போது, முன்பே நிலைபெற்ற இந்த முழு அமைப்பின்மீதுதான் அது வந்து அமர்கிறது.

இரு மொழிகளையும் ஒப்பிட்டால் கற்போர் இடறும் இடங்களை முன்கூட்டியே உணரலாம் என்று அமெரிக்க மொழியியலார் இராபர்ட் இலேடோ 1957-இல் விளக்கினார். கற்போர் செய்யும் பிழை, அவர் மனத்தில் உருவாகிவரும் ஒழுங்கிற்குச் சான்று என்று மொழியியலார் பிட் கார்டர் 1967-இல் எழுதினார். தாய்மொழியும் ஆகாத, கற்கும் மொழியும் முற்றாக ஆகாத, ஆயினும் தனக்கென விதிகளைக் கொண்ட ஓர் ‘இடைமொழி’ கற்போர் மனத்தில் இயங்குகிறது என்று 1972-இல் இலாரி செலிங்கர் முன்மொழிந்தார். எனவே சிவப்பு மையால் அடிக்கப்படும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்த ஆசிரியரால் பிழையைத் திருத்துவதோடு அதன் வேரையும் காட்ட முடியும்.

ஒரே நெறியின் மறுபுறம்

அத்தகைய வேர்களுள் ஒன்று சொல்வரிசை. ஜோசப் கிரீன்பெர்க் என்னும் அறிஞர் 1963-இல் முப்பது மொழிகளை ஒப்பிட்டு ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். சொற்றொடரில் வினை நிற்கும் இடத்திற்கும் பிற உறுப்புகள் நிற்கும் இடங்களுக்கும் தொடர்புண்டு என்பதே அது. தமிழைப்போல் வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் உருபுகளைப் பெயருக்குப் பின்னே வைக்கின்றன. ஆங்கிலம் போல வினையைச் செயப்படுபொருளுக்கு முன்னே நிறுத்தும் மொழிகள் பெரும்பாலும் பெயருக்கு முன்னே வைக்கின்றன.

“நேற்றுச் சந்தையில் வாங்கிய மாட்டை அண்ணன் ஓட்டி வருகிறான்” என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ‘சந்தையில்’ என்பதில் பெயர் முன்னும் உருபு பின்னுமாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘இன்’ அல்லது ‘அட்’ முன்னே வந்து பெயர் பின்னே வரும். ‘வாங்கிய மாடு’ என்பதில் எச்சம் பெயருக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் மாட்டைச் சொல்லிவிட்டு, அது எத்தகைய மாடு என்னும் விளக்கம் பின்னே தொடரும். ‘வரவேண்டும்’ என்பதில் துணைவினை இறுதியில் நிற்கிறது. ‘மஸ்ட் கம்’ என்பதில் முதலில் நிற்கிறது. மூன்றும் தனித்தனி விதிகளாகத் தோன்றினும், அடிப்படை நெறி ஒன்றே: தொடருக்கு மையமாக நிற்கும் தலைமைச் சொல்லைத் தமிழ் பின்னே வைக்கிறது, ஆங்கிலம் முன்னே வைக்கிறது. கண்ணாடியில் வலமும் இடமும் மாறித் தெரிவதுபோல் இரு மொழிகளும் எதிரெதிர் நிற்கின்றன. இந்த ஒரு நெறியைப் பற்றிக்கொண்ட மாணவர்க்குப் பல விதிகளை உருப்போடும் சுமை குறைகிறது.

இடறும் இடங்கள்

மாறுபாடு மிகுதியாக உள்ள இடங்கள் சிலவே. முதலாவது, ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் பெயர்முன் சொற்கள். தமிழில் இவை இல்லை. ஆனால் இவை உணர்த்தும் பொருள் உண்டு. “மாடு வாங்கினேன்” என்றால் ஏதோ ஒரு மாடு. “மாட்டை வாங்கினேன்” என்றால் கேட்போர்க்கும் முன்பே தெரிந்த மாடு. அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தோன்றுவதும் மறைவதும் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன. முதலதற்கு ‘ஏ’, அடுத்ததற்குத் ‘தி’ என்று இதிலிருந்தே தொடங்கலாம். எழுவாயில் தமிழ் இவ்வேறுபாட்டை உருபால் காட்டுவதில்லை. ஆதலின் அங்கே மாணவர் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

இரண்டாவது, இடப்பொருள். ‘வீட்டில்’, ‘மேசையில்’, ‘பேருந்து நிலையத்தில்’ என மூன்றிடத்தும் ‘இல்’ ஒன்றே நமக்குப் போதும். ஆங்கிலமோ உள்ளிருத்தலை ‘இன்’ என்றும், மேற்பரப்பில் பொருந்துதலை ‘ஆன்’ என்றும், ஒரு புள்ளியாகக் கருதும் இடத்தை ‘அட்’ என்றும் முன்சொற்களால் பிரிக்கிறது. இடப்பொருள் அல்லாத முன்சொற்களிலும் இடறல் உண்டு: ‘பற்றி விவாதித்தோம்’ என்னும் நம் வழக்கே ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதச் செய்கிறது. ‘டிஸ்கஸ்’ என்னும் வினை ‘அபவுட்’டை வேண்டுவதில்லை.

மூன்றாவது, காலம். “நாள்தோறும் தோட்டத்துக்குப் போகிறேன்”, “இதோ, தோட்டத்துக்குப் போகிறேன்” ஆகிய இரண்டிலும் வினைமுற்று ஒன்றே. ஆங்கிலத்தில் வழக்கமான செயலுக்கு ‘கோ’ என்றும், இப்போது நிகழும் செயலுக்கு ‘ஆம் கோயிங்’ என்றும் வடிவங்கள் வேறாகும். “நேற்றே பணம் அனுப்பியிருக்கிறேன்” என்பது நல்ல தமிழ். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘ஐ ஹேவ் சென்ட்’ என்பதோடு ‘யெஸ்டர்டே’ என்பதைச் சேர்த்து ஒருவர் வணிக மடல் எழுதினால், அது ஆங்கில வழக்கிற்கு மாறுபடும். முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் ‘ஐ சென்ட்’ என்னும் எளிய இறந்தகாலமே அங்கே பொருந்தும்.

நான்காவது, வினா. தமிழில் ‘ஆ’ என்னும் எழுத்தையோ வினாச்சொல்லையோ சேர்த்தால் போதும். சொல்வரிசை மாற வேண்டியதில்லை. அதனால் ‘வேர் யூ ஆர் கோயிங்’ என்னும் வடிவம் நம் மாணவர் வாயில் இயல்பாக எழுகிறது. ஆங்கிலம் துணைவினையை எழுவாய்க்கு முன்னே கொணர்ந்து ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்கிறது. “நாளைக்கு வர்றீங்க, இல்லீங்களா?” என்னும்போது ‘இல்லீங்களா’ எல்லாத் தொடர்க்கும் பொருந்துகிறது. அதற்கு நேராக ‘இஸ்ன்ட் இட்’ என்பதை எங்கும் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அவ்வுறுப்பு முன் நின்ற எழுவாய்க்கும் துணைவினைக்கும் ஏற்ப மாறும். ‘யூ ஆர்’ என்று தொடங்கினால் ‘ஆர்ன்ட் யூ’ என்று முடியும்.

எல்லார்க்கும் பொதுவான தாமதம்

எல்லாப் பிழைகளுக்கும் தாய்மொழியைக் காரணமாகக் காட்டுதல் தகாது. ‘ஹீ கோஸ்’ என்பதில் வரும் படர்க்கை ஒருமை விகுதியை நம் மாணவர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். வந்தான், வந்தாள், வந்தது என ஒவ்வொரு வினையிலும் விகுதியைப் பொருத்திப் பேசும் தமிழர்க்கு ஒரே ஒரு விகுதி ஏன் தவறுகிறது? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 1973-இல் நூல் வெளியிட்ட உளவியலார் ரோஜர் பிரௌன், தொடர்நிகழ்வைக் காட்டும் ‘இங்’ விகுதி முந்தி வருவதையும், இப்படர்க்கை விகுதி பிந்தி வருவதையும் கண்டார். அடுத்த ஆண்டே துலே, பர்ட் என்னும் இருவர், ஸ்பானியமும் சீனமும் பேசும் சிறார் ஆங்கிலம் கற்கையில் ஏறக்குறைய ஒரே வரிசையில் இலக்கண உறுப்புகளைப் பெறுவதைக் காட்டினர். ஆக, இவ்விகுதியின் தாமதம் பல மொழியினர்க்கும் பொதுவானது. அதற்காக மாணவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை; பொறுமையோடு பலமுறை பயிற்றினால் அது நிலைபெறும்.

பயிலும் நெறி

விதியை அறிதல் வேறு. பேசும் நொடியில் அது தானே வருதல் வேறு. இரண்டையும் இணைப்பது பயிற்சி. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு நடத்திய கற்பித்தல் திட்டம் உலக ஆங்கில ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது. இலக்கண விதிகளை வரிசையாக ஒப்பிக்கச் செய்யாமல், கால அட்டவணையைப் படித்து விடை காணுதல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற பணிகளை அவர் மாணவர்க்கு அளித்தார். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது வடிவம் படியும் என்பது அவர் கொள்கை. மறுபுறம், 49 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஆய்வாளர்கள் நாரிசும் ஒர்ட்டேகாவும், விதியை வெளிப்படையாக விளக்குதல் மிகுந்த பயன் தருவதை 2000-இல் கண்டனர். விதியைச் சுருங்க விளக்கி, பொருளுள்ள பணியில் அதனை நெடிது பயன்படுத்தச் செய்தால் இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

பயின்றது நினைவில் நிற்கவும் வழி உண்டு. மறதியைத் தன்மீதே ஆராய்ந்து 1885-இல் நூல் எழுதிய செருமானியர் எபிங்காசு, இடைவெளி விட்டுப் பயில்வதன் நன்மையைக் காட்டினார். படித்ததையே மீண்டும் படித்தவரைவிட, நூலை மூடி நினைவுகூர்ந்தவர் ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர் என்று உளவியலார் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் மெய்ப்பித்தனர். இவற்றைப் படிக்குந்தோறும் நன்னூலின் பாயிரம் நினைவுக்கு வருகிறது. நூல் பயில்வோர்க்குப் பவணந்தியார் வகுத்த கடமைகளுள் முதலாவது வழக்கை அறிதல். பாடத்தைப் போற்றுதலும் கேட்டதை மீள நினைத்தலும் ஆசிரியரை அணுகித் தெளிதலும் அடுத்து வருகின்றன. ஒத்த மாணவரோடு பயிலுதல், வினவுதல், வினவியதற்கு விடை கூறுதல் ஆகியவை அவற்றைத் தொடர்கின்றன. அயல்மொழி கற்போர்க்கும் இவற்றினும் சிறந்த திட்டம் வேண்டுவதில்லை.

தாராபுரம் வட்டாரப் பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூடி அமர்ந்து இப்பணியைத் தொடங்கலாம். வேற்றுமை நடத்தும்போதே ஆங்கில முன்சொற்களையும், எச்சம் நடத்தும்போதே ஆங்கிலப் பெயரடைத் தொடரையும் ஒப்புக்காட்டலாம். பழனிக்கும் கரூருக்கும் செல்லும் பேருந்துகளின் நேரத்தைக் கொண்டு வினாவும் விடையும் அமைக்கலாம். ஒரு வாரம் கழித்து நூலை மூடிவைத்து அவற்றையே எழுதச் செய்யலாம். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தமிழிலக்கணத்தில் தெளிந்த மாணவர்க்கு எழுவாய், பயனிலை, உருபு, எச்சம் என்னும் கருவிகள் முன்பே கைவசம் உள்ளன. அக்கருவிகளாலேயே ஆங்கிலத்தையும் அளந்தறியக் கற்பிப்பது நம் கல்வியாளரின் கடமை.