புயற்காலப் புகலிடக் கட்டடங்களைப் பலப்படுத்தல்

சோழமண்டலக் கடற்கரையோரத்தில் ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி வரையில் புயல் வரக்கூடும் என்பது யாவரும் அறிந்ததே. 1952ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதியும், 1977ஆம் வருஷம் நவம்பர் 12ஆம் தேதியும் நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயல்களையும், 1964ஆம் வருஷம் டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில், தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததைப் பலரும் நேரில் கண்டிருக்கின்றனர்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் கீற்றுக் குடிசைகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் உள்ளவர்கள் பள்ளிக்கூடம், சத்திரம், சமுதாயக் கூடம், கூட்டுறவுக் கிடங்கு முதலிய பொதுக் கட்டடங்களுக்கு வந்து சேருகிறார்கள். சம்பா நடவு நட்டவர்களும் களையெடுத்தவர்களும் அவர்களுள் பெரும்பாலோர். தம் வீட்டை நம்பாதவர்களே இக்கட்டடத்தை நம்பிக் குழந்தை குட்டிகளுடன் வருகின்றனர். ஒரு குடிசை விழுந்தால் ஒரு குடும்பத்துக்குச் சேதம். இருநூறு பேர் கூடியிருக்கும் கூடம் விழுந்தால் ஊருக்கே சேதம். ஆதலால் இத்தகைய கட்டடம் அக்கம்பக்கத்து வீடுகளைப் போல் உறுதியாக இருப்பது போதாது; அவற்றினும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

தக்க புகலிடமும் முன்கூட்டிய எச்சரிக்கையும் இருந்தால் எவ்வளவு உயிர்கள் தப்பும் என்பதற்கு ஒரிஸ்ஸா நாடே சாட்சி. 1999ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் கடற்கரை நெடுகப் புகலிடங்கள் கட்டப்பட்டன. 2013ஆம் வருஷம் அக்டோபர் 12ஆம் தேதி பைலின் என்னும் கடும்புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது லக்ஷக்கணக்கான ஜனங்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் தொகை நூற்றை எட்டவில்லை.

காற்றின் பலம் எவ்வளவு?

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அதில் பதினாறில் ஒரு பங்கு கண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழக் கிலோ கணக்கில் கிடைக்கும். சென்னை, புதுச்சேரி போன்ற கடற்கரை நகரங்களுக்கு இந்தியத் தர நிர்ணய விதி எண் 875, மூன்றாம் பகுதியில் குறித்துள்ள அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் அழுத்தம் உண்டாகும்.

2015ஆம் வருஷத்தில் திருத்தப்பட்ட அவ்விதி, கடலிலிருந்து 60 கிலோமீட்டருக்குட்பட்ட பிரதேசத்தில் புகலிடம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்ற புயலுக்குப்பின் உதவவேண்டிய கட்டடங்களுக்கு வேகத்தை 1.3 மடங்காகக் கொண்டு கணக்கிட வேண்டுமென்று கூறுகிறது. வேகம் 1.3 மடங்கானால் அழுத்தம் ஏறத்தாழ 1.7 மடங்காகும். புகலிடம் மற்றக் கட்டடங்களினும் உறுதியாக இருக்கவேண்டும் என்று மேலே கூறியதன் அளவு இதுவே.

காற்று தள்ளுவதுடன் தூக்கவும் செய்யும். களத்தில் விரித்த படுதாவின் ஓரத்தில் காற்று புகுந்தால் படுதா எழும்புவதைக் குடியானவர் அறிவர். அவ்வாறே கூரையின்மேல் விரைந்தோடும் காற்று கூரையை மேலே இழுக்கிறது. காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் தூக்கும் விசை மேற்சொன்ன அழுத்தத்தின் அளவை எட்டும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் அதனை மிஞ்சும்.

8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பள்ளி அறையை உதாரணமாகக் கொள்வோம். கூரை 48 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 150 கிலோ வீதம் தூக்கும் விசை 7,200 கிலோ. அறுபது கிலோ நெல் மூட்டைகளாகச் சொன்னால் 120 மூட்டை. சீமை ஓடும் ரீப்பரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 65 கிலோ என வைத்தால் கூரையின் கனம் ஏறத்தாழ 52 மூட்டை. எஞ்சிய 68 மூட்டையின் இழுப்பை ஆணியும் கட்டுக்கம்பியும் தாங்க வேண்டும். தகரக் கூரையாயின் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவும் இராது. ஏறக்குறைய முழு இழுப்பும் ஆணியின் மேலேயே விழும்.

பிணைப்பே உயிர்

உழவு மாடுகள் எவ்வளவு வலியவையாயினும் பூட்டாங்கயிறு இற்றிருந்தால் ஏர் நகராது. கட்டடமும் அவ்விதமே. ஓடு ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவர்மேல் கிடக்கும் உத்திரத்தோடும், உத்திரம் சுவரோடும், சுவர் அஸ்திவாரத்தோடும் இடையறாமல் பிணைந்திருக்க வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் உத்திரம் தன் கனத்தினாலேயே சுவர்மேல் அமர்ந்திருக்கிறது. பாரத்தைத் தாங்க அது போதும். மேலே தூக்கும் விசையைத் தடுக்கப் போதாது. கட்டடத்தைச் சோதிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

கூரை

1. கைமரத்தை உத்திரத்தோடு ஆணியால் மட்டும் அடித்திருந்தால், துரு ஏறாத நாகமுலாம் பூசிய இரும்புப் பட்டையை இரண்டின்மேலும் வளைத்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் ஆணி கழன்றுவிடும், பட்டை கழலாது.

2. உத்திரத்தைச் சுவரின் மேலுள்ள கான்கிரீட்டுப் பட்டையில் புதைத்த இரும்புக் கம்பிகளால் பிணைக்க வேண்டும். அத்தகைய பட்டை இல்லாத பழைய சுவரில் கம்பியைச் சுவருக்குள் ஆழமாக இறக்கிக் கான்கிரீட்டு இட்டு நிறுத்த வேண்டும். மேல்வரிசைச் செங்கல்லில் மட்டும் செருகிய கம்பி, அச்செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

3. ஓடுகளை, சிறப்பாக ஓரத்து வரிசைகளையும் முகட்டோடுகளையும், ரீப்பரோடு கம்பியால் கட்டுதல் வேண்டும். படுதாவின் ஓரத்திலே கல் வைப்பது போலக் கூரையின் ஓரத்திலும் மூலையிலுமே கட்டு நெருக்கமாக இருத்தல் அவசியம்.

4. தகரமாயினும் சிமெண்டுத் தகடாயினும், ஒரு பக்கம் மட்டும் வளைந்த கொக்கியாணி காற்றின் இழுப்பில் நிமிர்ந்துவிடும். சட்டத்தை இருபுறமும் தழுவி மேலே இரண்டு மரைகளால் முடுக்கும் ஆணியே ஏற்றது. வாஷர் அகலமாயிருக்க வேண்டும்; சிறியதாயின் தகடு கிழிந்து ஆணி மட்டும் நிற்கும்.

5. சுவருக்கு வெளியே நீளும் இறவாரம் ஒன்றரை அடிக்கு மிகாதிருப்பது நலம். தாழ்வாரத்தின் கூரை பெரிய கூரையின் தொடர்ச்சியாக இருந்தால், தாழ்வாரத்தில் புகுந்த காற்று இரண்டையும் சேர்த்துக் கிளப்பும். தாழ்வாரக் கூரையைத் தனியே அமைத்துவிட்டால் அது போனாலும் கூடம் நிற்கும்.

6. புதிதாகக் கட்டுவோர் கான்கிரீட்டுத் தளம் இடுவதே மேல். ஓட்டுக்கூரையே இடுவதாயின் நாற்புறமும் சரிந்த கூரை, இருபுறம் சரிந்த கூரையினும் காற்றைத் தாங்கும்.

கதவும் ஜன்னலும்

கதவு உடைந்தால் கூரைக்கு ஆபத்து என்பது மேலே விளக்கப்பட்டது. ஆதலால் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள்களும், குறுக்கே கணையமரம் செருகச் சுவரில் இரும்புக் கொக்கிகளும் வேண்டும். கண்ணாடி ஜன்னல்களுக்கு வெளிப்புறம் மரப்பலகையோ கனத்த ஒட்டுப்பலகையோ பொருத்துவதற்கான திருகாணித் துளைகளை முன்பே அமைத்துவைக்க வேண்டும். எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று எண் இட்டு அக்கட்டடத்திலேயே வைத்திருந்தால், எச்சரிக்கை வந்த பின் நான்கு ஆட்கள் விரைவில் முடித்துவிடுவர். மரையும் பலகையும் அப்போது தேடப் புறப்படுவது பயன்படாது.

சுவர்

நீண்ட சுவர் இடையில் குறுக்குச் சுவரோ தூணோ இன்றி நின்றால் காற்றின் தள்ளலில் வளைந்து விழும். இருபுறம் சரிந்த கூரையின் கீழுள்ள முக்கோணச் சுவர் அவ்வாறு விழுவது மிக எளிது. அதன் சரிவு நெடுகக் கான்கிரீட்டுப் பட்டை இட்டுக் கூரைச் சட்டத்தோடு பிணைத்தல் வேண்டும். மாடியின் கைப்பிடிச் சுவர், தனித்து நிற்கும் சுற்றுச்சுவர் ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் பழுதுபார்க்கவேண்டும். இயலாவிடில் இடித்துவிடுதலே நன்று.

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள்ளே சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்துச் சிமெண்டுப் பூச்சைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தின்மேல் மறுபடி பூசி வெள்ளையடிப்பது நோயை மறைப்பதாகுமேயன்றித் தீர்ப்பதாகாது. துருவை நீக்கிய பின்பே பூசவேண்டும். தூணிலும் உத்திரத்திலும் பெயர்வு கண்டால் என்ஜினீயரை அழைத்துக் காட்டவேண்டும். கடற்கரை மணலைக் கட்டட வேலைக்கு உபயோகிப்பது இக்கேட்டை நாமே விலைகொடுத்து வாங்குவதாகும்.

இடமும் கடல் நீரும்

காற்றினும் கடல் நீர் மிகுதியாகக் கொல்லும். 1977ஆம் வருஷம் நவம்பர் 19ஆம் தேதி ஆந்திர நாட்டுத் திவி தாலூகாவில் கடல் பொங்கி உள்ளே புகுந்ததனாலேயே பல்லாயிரம் பேர் மாண்டனர். எனவே கடலை அடுத்த தாழ்ந்த கிராமங்களில், எவ்வளவு உறுதியானதாயினும் தரைமட்டக் கூடம் புகலிடமாகாது. தூண்களின்மேல் உயர்த்திய தளமே வேண்டும். கீழ்ப்பகுதியைச் சுவர் வைத்து அடைக்காமல் விட்டால் நீர் தூண்களுக்கிடையே ஓடிப்போகும். அங்கே உர மூட்டைகளையோ வைக்கோலையோ அடுக்குவது நீரின் வழியை அடைப்பதாகும். கால்நடைகளுக்கு அருகிலேயே மேடான இடம் ஒன்றை ஒதுக்குதல் நலம். மாட்டைக் கட்டிவைக்க இடமின்றேல் அதன் சொந்தக்காரர் வீட்டை விட்டு வரத் தயங்குவார். அத்தயக்கத்தில் உயிரே போகக்கூடும்.

மரங்கள்

கட்டடத்தைச் சுற்றி மரம் வளர்ப்பது நன்றே. எனினும் மரத்தின் உயரத்துக்குக் குறைந்த தூரத்தில் அது நின்றால், சாயும்போது கூரையின்மேல் விழும். அத்தகைய தென்னையும் பட்ட கிளைகளும் பள்ளிக்கூடத்தருகே இருந்தால் புரட்டாசிக்குள் அகற்றவேண்டும். கடற்புறத்தில் பல வரிசைகளாக நட்ட சவுக்குத் தோப்பு காற்றின் வேகத்தைக் குறைக்கும். அதை ஒரே சமயத்தில் முழுவதும் வெட்டாமல், பகுதி பகுதியாக வெட்டி மறுநடவு செய்துவந்தால் மறைப்பு என்றும் நிற்கும்.

புயலின் கண்

புயலின் நடுப்பகுதி ஊரின் மேலாகச் செல்லும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். வானமும் வெளுக்கலாம். புயல் போய்விட்டதென எண்ணிக் கதவைத் திறந்து வீட்டைப் பார்க்கச் செல்பவர் உண்டு. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும். ஆகையால் அதிகாரிகளின் அறிவிப்பு வரும்வரையில் எவரையும் வெளியே விடலாகாது. முதற்காற்றில் ஒதுக்குப்புறமாயிருந்த ஜன்னலே மறுகாற்றை நேரே ஏற்பதால், நாற்புறமும் ஒன்றுபோலப் பலகை பொருத்தியிருக்க வேண்டும்.

செய்யவேண்டிய காலம்

ஆடி, ஆவணி மாதங்களில் ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், பள்ளித் தலைமையாசிரியரும் கட்டட வேலை தெரிந்த ஒருவருடன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிக்கொள்ள வேண்டும். கூரைக்கு மேலே ஏறிப் பார்ப்பதுடன், உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு பிணைப்பையும் கையால் அசைத்துச் சோதிக்க வேண்டும். பொருள் போதாவிடில் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் கூரைக்கும் சுவருக்குமுள்ள பிணைப்பு, அடுத்துக் கதவு ஜன்னல், அதன்பின் ஓட்டின் கட்டு, பிறகு மற்றவை. வர்ணமும் வாசல் வளைவும் கடைசியில் வரட்டும்.

கட்டடத்தின் சாவி இருவரிடம் இருத்தல் வேண்டும். இருவரும் அவ்வூரிலேயே தங்குபவராக இருத்தல் வேண்டும். பூட்டிய புகலிடத்தின் வாயிலில் மழையில் நிற்கும் ஜனங்களுக்கு அதன் உறுதியால் பயன் ஏதுமில்லை.

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை உள்ளூர்த் தச்சராலும் கொத்தராலும் முடியக்கூடியவை. ஒரு கூடத்துக்கு வேண்டிய இரும்புப் பட்டைகளும் திருகாணிகளும் ஒரு மாட்டு வண்டியில் அடங்கும். நிலமுடையோர் ஆளுக்குச் சிறிது மரமும், இரும்பும், இரண்டு நாள் வண்டியும் உதவினால், தம் வயலில் உழைப்பவர்களும் அவர்களுடைய குழந்தைகளும் அந்த ஓரிரவைக் கழிக்கும் கூரை நிலைத்து நிற்கும். ஐப்பசி மழை தொடங்கிய பின் மச்சின்மேல் ஆளை ஏற்ற முடியாது. புரட்டாசி முடியுமுன் வேலை முடிந்திருக்கட்டும்.