கீழே வைத்தது துப்பாக்கி. கிடைத்தது தளபதி பதவி!

அருமனை,

அருமனையில் இருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் புலியூர்குறிச்சியில் பெரிய கல் மதில் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். "கோட்டை எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். நாலு பேர் இறங்குவார்கள். பஸ் கிளம்பி விடும்.

அதுதான் உதயகிரி கோட்டை. அதற்குள் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. எதிரியாகக் கப்பலில் வந்து, துப்பாக்கியைக் கீழே வைத்து, பிறகு இந்த மண்ணின் படைக்கே தளபதி ஆனவர் அவர்! பெயர் டிலனாய். ஊரார் வைத்த பெயர் "வலிய கப்பித்தான்". அதாவது, பெரிய கேப்டன்.

குளச்சலில் தீ

எல்லாம் மிளகுக்காக வந்த சண்டை. மிளகு வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்று டச்சுக் கம்பெனி 1741-ல் இலங்கையில் இருந்து குளச்சலுக்குப் படை அனுப்பியது. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை வளைத்துக் கொண்டது. முகாமில் இருந்த வெடிமருந்தில் தீப்பிடித்தது. அரிசியும் சேர்ந்து எரிந்தது. சோறு இல்லாமல் எத்தனை நாள் சுடுவது? டச்சுக்காரர்கள் சரண் அடைந்தார்கள். அந்தக் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது.

பொறி பறக்கும் துப்பாக்கி

அவர்கள் வைத்திருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். விசையை இழுத்தால் கல் இரும்பில் மோதும். பொறி பறக்கும். குண்டு பாயும். நன்றாகப் பழகியவன் நிமிஷத்துக்கு 2, 3 முறை சுடலாம். ஆனால் 100 மீட்டர் தாண்டினால் குறி நிச்சயம் இல்லை. அதனால்தான் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் சுட வேண்டும்.

இந்தப் பயிற்சிதான் மன்னருக்குத் தேவைப்பட்டது. கைதியைக் கொல்லவில்லை, வாத்தியார் ஆக்கினார்! டிலனாய் சிப்பாய்களைப் பழக்கினார். உதயகிரி கோட்டையைப் புதுப்பித்து, பீரங்கி வார்க்கும் உலையும் வைத்தார். வட எல்லையில் அவர் எழுப்பிய நெடுங்கோட்டை, 1789-ல் திப்புவின் முதல் தாக்குதலைத் தாங்கி நின்றது.

நண்பர் மீதே குண்டு

ஆனால் துப்பாக்கிக்கு நண்பன், பகைவன் தெரியுமா? நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி. டிலனாயின் சிநேகத்தால் 1745-ல் மதம் மாறி தேவசகாயம் ஆனார். மன்னரின் கோபத்துக்கு ஆளானார். 1752 ஜனவரி 14-ந்தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் அதே மன்னரின் சிப்பாய்கள்! 2022-ல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

டிலனாயின் மகனும் களக்காட்டுச் சண்டையில் மாண்டான். அப்படியும் அவர் ஊர் திரும்பவில்லை. 1777 ஜூன் 1-ந்தேதி, 62 வயதில் கண் மூடினார். கோட்டைக்குள் பாழடைந்த ஆலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் உள்ளது.

அடுத்த தடவை கண்டக்டர் "கோட்டை!" என்றால், ஒரு நாள் எறங்கித்தான் பாருங்களேன்!