கல்யாணப் பெண்ணுக்கு என்ன பூசினோம், என்ன கொடுத்தோம்

இந்தப் பகுதியில் பயத்தம் மாவு, தயிர், தக்காளி என்று நீங்கள் எழுதும் அழகுக் குறிப்புகளையெல்லாம் வெட்டி ஒரு பழைய டைரியில் ஒட்டி வைத்திருப்பவள் நான். இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. போன தை மாதம் என் பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கு முந்தைய எட்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதினால், கல்யாண வயதில் பெண் வைத்திருக்கும் யாருக்காவது உபயோகப்படுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

வைகாசியில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தங்கமான மனிதர்கள். அவர்களோடு வந்திருந்த ஒரு பெரியம்மா மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்தபடியே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. முகந்தான் சோகை புடிச்ச மாதிரி இருக்கு. கல்யாணத்துக்குள்ள பளிச்சுனு ஆயிடுவா" என்றார். அவர் விகல்பமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'பளிச்சுனு' என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் சொன்ன வார்த்தை என் காதில் ஏறவே இல்லை!

மறுநாளே டைரியை எடுத்துவிட்டேன். எங்கள் மாமியார் காலத்து நலங்கு மாவு, பாலாடை, வெள்ளரிக்காய், ஒன்றையும் விடவில்லை. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் காபியைக் கொடுத்துவிட்டு, "வாடி, முகத்தைக் காட்டு" என்று உட்கார வைத்துவிடுவேன். கும்பகோணத்தில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். காலை ஏழரை மணிக்குப் போனால் இருட்டியபிறகுதான் வருவாள். காலையில் ஒரு வாய் சாப்பிட நேரமில்லை. பதினோரு மணிக்கு ஒரு டீ. மத்தியானம் கட்டிக் கொடுக்கும் டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். கேட்டால், "ரவிக்கை அளவு கொடுத்தாச்சும்மா, குண்டாயிட்டா பத்தாது" என்பாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. கண்ணுக்குக் கீழே மை தீட்டினாற்போல் கருவளையம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்' என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆடி முடிந்தும் முகம் பளிச்சென்று ஆகவில்லை. அவளுக்கே பொறுமை போய்விட்டது. ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழச் சாற்றில் ஆப்ப சோடாவைக் குழைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள். சமையலறைச் சாமான்தானே, என்ன செய்துவிடப்போகிறது என்று நானும் நினைத்தேன். அன்று சாயங்காலமே கன்னம் சிவந்து எரிய ஆரம்பித்தது. மூன்றாம் நாள் இடது கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுத்துப்போய்விட்டது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும் என்பதும், சோடா தோலின் பதத்தையே கெடுக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பழம், பூ, பருப்பு என்றாலே கெடுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

பயந்துபோன பெண், மருந்துக்கடையில் ஏதோ க்ரீம் வாங்கப்போகிறேன் என்று கிளம்பினாள். அதை மட்டும் நான் விடவில்லை. என் ஒன்றுவிட்ட அக்கா மகள் அப்படித்தான் யாரோ சொன்ன க்ரீமை ஆறு மாதம் போட்டாள். முதல் மாதம் நிலா மாதிரி இருந்தாள். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் நின்றால் சிவந்து, முகமெல்லாம் பரு. அது ஸ்டீராய்டு கலந்த மருந்தாம். அதையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. சிவப்பாக்கும் க்ரீம் என்று யாராவது கொடுத்தால் தயவுசெய்து பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுத்தே இல்லாத டப்பா என்றால் தொடவே வேண்டாம்.

கன்னத்தைக் காட்டத்தான் எங்கள் ஊர் பெண் டாக்டரிடம் போனோம். அவர் கன்னத்தைப் பார்த்தது அரை நிமிஷம். பிறகு அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு படும் என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்களும் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "உங்க முகமும் அதே மாதிரிதான் இருக்கு" என்றார்!

ரிசல்ட் வந்தது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கவேண்டும். அவளுக்கு 7.8. எனக்கு 8.9. அந்தப் பெரியம்மா சொன்ன சோகை நிஜமாகவே சோகைதான். மூன்று மாதமாக நான் அதன்மேல் மாவு பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. நம் நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். அதில் நாமும் இரண்டு பேர் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போய் ஒரு மூச்சு அழுதேன். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியில் இருப்பதைச் சாப்பிட்டு எழுவதுதான் பெண்ணுக்கு அழகு என்று நானே அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளும் அதைத்தான் கற்றுக்கொண்டாள், கொஞ்சம் நாகரிகமாக!

முதலில் பூச்சி மாத்திரை, பிறகு தினம் இரும்புச்சத்து மாத்திரை. 'வெல்லமும் பேரீச்சம்பழமும் கொடுத்தால் போதாதா டாக்டர்?' என்று கேட்டேன். நல்லதுதான், கொடுங்கள், ஆனால் 7.8-ஐ அது மட்டும் தூக்காது என்று சொல்லிவிட்டார். மாத்திரையைப் பாலோடோ, காபி, டீயோடோ விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காய்ச் சாறோடு சாப்பிடவேண்டும். கன்னத்தைச் சுட்ட அதே எலுமிச்சம்பழம்! மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்றும் முன்கூட்டியே சொன்னார். சொல்லாவிட்டால் நாங்கள் இரண்டே நாளில் நிறுத்தியிருப்போம். ரத்தம் ஏறிவிட்டது என்றதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. இன்னும் சில மாதம் போட்டால்தான் உடம்பில் இருப்புச் சேருமாம்.

இனி சாப்பாட்டுக் கதை. கொல்லையில் முருங்கை மரம். அதன் கீரையை எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிதான் தின்றுகொண்டிருந்தது. மார்க்கெட்டில் கேழ்வரகு மாவு எப்போதும் கிடைக்கிறது. இந்த இரண்டையும் வைத்து வாரம் மூன்று நாள் அடை தட்டினேன். இரண்டு ஆழாக்கு கேழ்வரகு மாவு, இரண்டு கைப்பிடி உருவிய முருங்கைக்கீரை, பத்துச் சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கியது, இரண்டு பச்சைமிளகாய், கொஞ்சம் தேங்காய்த் துருவல், உப்பு. கொதிக்கும் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அடை விண்டுபோகும். வாழை இலையில் எண்ணெய் தடவித் தட்டி, கல்லில் போட்டு, நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நிதானமாக வேகவிடுங்கள். தீயைத் தூக்கினால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல். புளிப்புக் காய், பழம் எதுவானாலும் சரி, கீரை, தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது கைகொடுக்கும். கீரை மசியலிலும் அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சை பிழிகிறேன். மாமியார் சட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன புதுப் பழக்கம்?" என்றார். ஒரு வாரத்தில் அவரே, "இன்னைக்கு எலுமிச்சம்பழம் பிழியலையாடி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பச்சைப்பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை விட்டிருக்கும். அதை லேசாக ஆவியில் வேகவைத்துக் கடுகு தாளித்து, மாங்காய் கிடைத்தால் நறுக்கிப் போட்டு, அவள் டப்பாவில் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். முளை கட்டுவதால் பயறிலுள்ள சத்து உடம்பில் சுலபமாகச் சேருமாம். மாலையில் வேர்க்கடலை உருண்டை, இல்லாவிட்டால் எள்ளுருண்டை. நாங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அதனால் வாரத்தில் ஒருநாள் மத்தி மீன் குழம்பு, மாதம் இரண்டு தடவை ஆட்டு ஈரல் மிளகு வறுவல். மீன், கறியிலுள்ள இரும்புச்சத்து கீரையைவிடச் சுலபமாக ஒட்டுமென்று டாக்டரே சொன்னார். சைவக்காரர்கள் பயறையும் புளிப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கம் எனக்கு முப்பது வருஷமாக உண்டு. அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதற்குத் தனிக் கடிதம் எழுதவேண்டும்!

அப்போது பூசுவதையெல்லாம் விட்டுவிட்டேனா? அதெப்படி, அதுவும் ஒரு சுகம்தானே! நலங்கு மாவு மட்டும் இன்றும் உண்டு. பச்சைப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஒவ்வொன்றும் 50 கிராம், வெட்டிவேர் ஒரு பிடி. ஈரமில்லாமல் நன்றாகக் காயவைத்து மில்லில் கொடுக்கும்போது, அதற்குமுன் மிளகாய் அரைத்தார்களா என்று அவசியம் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் விட்டு வீடே தும்மியது. அரைத்ததை மெல்லிய துணியில் சலித்தே ஆகவேண்டும். கரகரப்பாக இருந்தால் தோலைக் கீறிவிடும். எண்ணெய் வழியும் முகத்துக்கு மோரிலும், வறண்ட முகத்துக்குப் பாலிலும் குழைத்து, தேய்க்காமல் பூசி, முழுக்கக் காயுமுன் கழுவிவிடுங்கள். புதிதாக எதைப் பூசுவதானாலும் முதல்நாள் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இருந்தால் வேண்டாம். இது அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், வாசனையாக இருக்கும். நிறத்தை மாற்றாது. எந்த மாவும் மாற்றாது. தலைக்குச் செம்பருத்தி இலையைக் கசக்கிய சாறும், வடித்த கஞ்சியில் கரைத்த சீயக்காயும். பாத வெடிப்புக்கு ராத்திரி காலைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய். இவ்வளவுதான் எங்கள் வீட்டு பியூட்டி பார்லர்.

மார்கழியில் மறுபடி ரத்தம் பார்த்தோம். அவளுக்கு 11.6. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றிருந்தது. கண்ணடியில் கறுப்பு கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. முடி கொட்டுவது உடனே நிற்கவில்லை. மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் குறைந்தது. ரவிக்கைதான் நிஜமாகவே பத்தவில்லை, டெய்லர் இரண்டு தையல் பிரித்துக் கொடுத்தார்! மாதவிலக்கில் அதிகம் படுவதற்கும் தனியாக மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாவிட்டால் ஏறியது மறுபடி இறங்கும் என்றார் டாக்டர்.

கன்னத்துத் தழும்பு மங்கிவிட்டது என்றாலும் கல்யாண ஆல்பத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். ஃபோட்டோக்காரர், கம்ப்யூட்டரில் அழித்துத் தரட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் அண்ணே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு வந்த அந்தப் பெரியம்மா அவள் மோவாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே!" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு இன்னும் 10.4-தான். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி பார்க்கவேண்டும். இப்போதெல்லாம் மத்தியானம் அவருக்கும் மாமியாருக்கும் போடும்போதே எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்துவிடுகிறேன். முதல்நாள் அவர் நிமிர்ந்து பார்த்தார். "குழம்பு வேணும்னா நீங்களே ஊத்திக்குங்க, எனக்கு 10.4-தான்" என்றேன். ஊற்றிக்கொண்டார்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.