ஏழு வருடம் லாச்சிக்குள் கிடந்த இசை

தனி வாத்தியம் ஒன்றும் பெரிய இசைக்குழுவும் கேள்வியும் பதிலுமாகச் சேர்ந்து வாசிப்பதைத்தான் மேற்கத்திய இசையில் கொன்சேர்ட்டோ என்கிறார்கள்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச் தனது முதலாவது வயலின் கொன்சேர்ட்டோவை எழுதிக்கொண்டிருந்தபோதே, 1948 பெப்ரவரியில், அவருடைய இசை மக்களுக்கு விரோதமானது என்று கம்யூனிஸ்ட் கட்சி தீர்மானம் போட்டது. ஆசிரியர் வேலையும் பறிபோனது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. முடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். 1953இல் ஸ்டாலின் இறந்தார். 1955 ஒக்டோபரில்தான் லெனின்கிராட் மேடையில் டேவிட் ஒய்ஸ்ட்ராக் அதை முதன்முதலாக வாசித்தார்.

அடுத்த வருடமே ஒய்ஸ்ட்ராக் அதை இரண்டு தடவை பதிவு செய்தார். ஒன்று நியூயோர்க்கில், மித்ரோபூலஸ் நடத்திய குழுவோடு. மற்றது லெனின்கிராட்டில், முதல் மேடையேற்றத்தை நடத்திய மிராவின்ஸ்கியோடு. இரண்டும் பின்னர் இறுவட்டாக வந்தன.

முழுவதும் கேட்கச் சுமார் 35 நிமிடம் வேண்டும். நேரமில்லாதவர்கள் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். கீழ்ச்சுருதியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப நடக்க, அதன் மேல் வயலின் துயரத்தோடு பாடும். பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, வயலின் மட்டும் ஐந்து நிமிடமளவு தனியே நிற்கும். மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, நேரே கடைசிப் பகுதிக்குள் பாயும்.

அந்த இடத்தில் வயலினுக்கு ஓய்வே இருக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கவாவது அவகாசம் தாருங்கள் என்று ஒய்ஸ்ட்ராக் கேட்க, ஷொஸ்டகோவிச் தொடக்க வரிகளைக் குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார். பதிவைக் கேட்கும்போது அந்தச் சிறு இடைவெளியைக் கவனியுங்கள்.