எழுதுவதற்கு முன் எங்கே இருந்தார்கள்?

எழுத்தாளராவது எப்படி என்று கேட்டால், நிறையப் படி, தினமும் எழுது என்பார்கள். தப்பில்லை. எனக்கென்னவோ, எழுத வருவதற்கு முன் எழுத்தாளர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் பாதி விடை இருப்பதாகப் படுகிறது.

டொமினிக் ஜீவா உட்காரவில்லை, நின்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு சலூனில். சாதி இழிவால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனவர். சலூனில் பத்திரிகை கிடக்கும். முறை வரும்வரை ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் அரசியல் பேசுவார். கத்தரிக்கோல் பிடித்தவருக்குக் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். சலூனே அதற்கு அலுவலகம். எழுதியதும் அவர், தொகுத்ததும் அவர், கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றதும் அவர். இதழ் 400ஐத் தொட்டது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஜெயகாந்தனுக்குச் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமும் அச்சகமும் வாய்த்தன. அங்கே புரூஃப் பார்ப்பது சில்லறை வேலையாகத் தெரியும். ஆனால் பிறருடைய வாக்கியத்தை எழுத்தெழுத்தாகப் பார்க்கவைக்கும் பயிற்சி வேறெதில் உண்டு?

இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் அச்சுக்கூடத்தின் பக்கமே இல்லை. ஊர்ப் பேச்சிலேயே ஊறி, முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். பள்ளிப்படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பின்னாளில் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

ஜெமினி ஸ்டுடியோவில் அசோகமித்திரனின் வேலை, நாளிதழ்ச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. பார்த்தவர்களுக்கு அவர் வெட்டியாக இருப்பதாகவே தோன்றியது. அங்கே இருந்தபடி அவர் கவனித்த சினிமா உலகம் பிறகு 'கரைந்த நிழல்கள்' நாவலில் வந்தது.

பிழைப்பு வேறு கணக்கு. சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதினார். சம்பளம் ஒரு பக்கம் வந்தது. அசோகமித்திரனோ 1966இல் ஜெமினியை விட்டு வெளியே வந்து, பெரும்பாலும் எழுத்தை நம்பியே குடும்பம் நடத்தினார். அதற்குத் தமிழ்க் கதைகள் மட்டும் போதவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் கட்டுரைகளும் மதிப்புரைகளும் எழுதிக்கொண்டே இருந்தார்.