கரிசலில் நான்கு சக்கரமும் சுற்றினால் போதாது

கடம்பூர் என்றதும் பலருக்கும் போளிதான் நினைவுக்கு வரும். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே ரயிலில் போனவர்கள் அதை வாங்காமல் வந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது, "அங்கே என்ன இருக்கு?" என்றே எல்லோரும் கேட்டார்கள். இங்கே காடு என்றால் வனம் அல்ல. பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளைகிற மானாவாரி நிலம். கண்ணுக்கு எட்டும்வரை சமவெளி, இடையிடையே உடை மரம், தூரத்தில் காற்றாலைகள், இரவில் வானம் முழுக்க நட்சத்திரம். பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் செய்த தவறு, ஐப்பசியில் போனது. எங்கள் ஜீப் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்ற தைரியம் வேறு. இரவு பெய்த மழைக்குப் பின் காலையில் கிளம்பி, தார்ச்சாலைக்கு இன்னும் இருநூறு அடி இருக்கையில் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. பின்னால் உம்மாவும் மூன்று பிள்ளைகளும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. விதைப்புக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து, "சக்கரத்தச் சுத்தாதீங்க அண்ணாச்சி, நீங்களே குழி தோண்டுதீங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அதன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்ததும் மண் ஊதிப் பசையாகிறது. கோடையில் அதே மண் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை கொடுக்கலாம், பிடிப்பை மண்தான் கொடுக்க வேண்டும். ஈரக் கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்துவிட, பட்டன் டயரும் வழுவழுவென்ற உருளையாகிவிடுகிறது.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் டயர் காற்றைக் குறைத்தால் வண்டி மிதந்து போகும். அந்த வித்தை இங்கே அவ்வளவாகப் பலிக்காது. அகலமான டயரைவிட ஒடுக்கமான டயரே சில நேரம் மேல்சேற்றைக் கிழித்து அடியிலுள்ள இறுகிய மண்ணைத் தொடும். மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து உள்நாட்டிலும் இதே கருமண் உண்டு. மழை பெய்தால் அங்கே மண்சாலைகளை மூடிவிடுவார்கள். மீறி ஓட்டினால் அபராதம்.

எங்கள் அவசரத்தில் அருகிலிருந்த சீமைக் கருவேலங் கிளையை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போடப் பார்த்தோம். பெரியவர் தடுத்தார், அந்த முள் டயரைத் துளைத்துவிடும். போன வருடத்துப் பருத்திமாரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டு, டயரில் அப்பியிருந்த மண்ணை மண்வெட்டியால் சுரண்டி, கடைசியில் ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்தது. நான்கு மணி நேரம் போனது. பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நீங்கள் போவதென்றால் தை பிற்பாதியும் மாசியும் நல்ல காலம். அறுப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டே கூடாரம் அடியுங்கள். ஆள் இல்லாத நிலம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் உரியவர் உண்டு. குருமலைக் காப்புக்காடும் வல்லநாட்டு வெளிமான் சரணாலயமும் வனத்துறைக்கு உட்பட்டவை, அங்கே கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். இருட்டில் வண்டியைக் காட்டுக்குள் இறக்கவே கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் கிட்டே போகும்வரை தெரியாது. மண்வெடிப்புகளில் சுருட்டை விரியன் இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு மூடிய செருப்பும் டார்ச்சும் கட்டாயம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நேராகக் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர். ஒளுச் செய்யத் தனியாக ஒரு கேன்.

மழை பெய்துவிட்டால் கிளம்பாதீர்கள். ஒரு நல்ல வெயில் அடிக்கும்வரை காத்திருந்தால் மேல்மண் இறுகிவிடும். நாங்கள் அன்று போக நினைத்தது எட்டயபுரத்துக்கு. பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். மாலைதான் போய்ச் சேர்ந்தோம், முழங்கால் வரை கரிசலோடு.